கை எண்ணியவர்

வடமடைப்பட்டி,
13-7-1936

வணக்கத்துக்குரிய வாத்தியார் ஐயா அவர்களுக்கு, ஞாயிறு வகுப்பின் காரியதரிசி சுருளிவேல் எழுதிக்கொள்வது.

கால் எப்படி இருக்கிறது? கூடலூரில் மகள் வீட்டுப் படியில் தாங்கள் வழுக்கி விழுந்ததையும், வைத்தியர் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியிருப்பதையும் மார்க்கையன்கோட்டை வண்டிக்காரர் சொன்னார். இரண்டு மாதம் அசையக் கூடாதாமே. எங்கள் கவலை வேண்டாம். வகுப்பு நடக்கிறது.

கிணறு முடிந்துவிட்டது, ஐயா. நாம் ஜில்லா போர்டுக்கு எழுதிய மனு வீண் போகவில்லை. பணம் போர்டுடையது, உழைப்பு நம்முடையது. பாறைக்குக் கீழே ஊற்றைக் கண்டது கீழத்தெரு சின்னக்கருப்புதான். அடியில் கடப்பாரையோடு நின்றவர், "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கத்தினார். மேலே கூடை இழுத்துக்கொண்டிருந்த நாங்கள், நாற்பது ஐம்பது வயது ஆட்கள், சிறுபிள்ளைகள் போலக் குதித்தோம். இனி வாய்க்கால் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேதியில் பிள்ளைகளைப் பறிகொடுக்க வேண்டாம். போன கோடையில் சின்னக்கருப்பு மகளும் அப்படித்தானே போனாள், கிணறு அப்போதே இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

நேற்று களத்துப் புளியமரத்தடியில் கூட்டம் போட்டோம். தாங்கள் இருந்து பார்த்திருக்க வேண்டும். தலைமை என் முறை. கை எண்ணுவது சின்னக்கருப்பு முறை. ஒருவர் பேசும்போது ஒருவர் குறுக்கிடவில்லை. எல்லோரும் "தலைவர் அவர்களே" என்று சொல்லித்தான் பேச ஆரம்பித்தார்கள். மூன்று தீர்மானங்கள். முதலாவது, கிணற்று மேடையில் துணி துவைக்கக் கூடாது. இரண்டாவது, கீழத்தெருவார் கிணற்றில் வாளி விடக் கூடாது, மேலத்தெருவார் இறைத்து ஊற்ற வேண்டும். மூன்றாவது, ஓவர்சியருக்கு நன்றி.

இரண்டாவதைப் பேச்சிமுத்து அண்ணன் முன்மொழிந்தார், பொன்னுராஜ் வழிமொழிந்தார். தலைவர் விரும்பினால் கை தூக்கியவரிடம் காரணம் கேட்கலாம் என்று விதி இருக்கிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரமாகிவிட்டதால் நான் கேட்கவில்லை. சின்னக்கருப்பு நடந்து நடந்து எண்ணி, "ஆதரவு பதினாலு. எதிர்ப்பு மூணு. கணக்குச் சரி" என்று சொல்லி உட்கார்ந்தார். ஒரு சத்தம் இல்லை, ஒரு சண்டை இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் இந்த ஊரில் நாலு பேர் கூடினால் மண்டை உடையும். தாங்கள் பெருமைப்படுவீர்கள் என்று நினைக்கிறேன்.

தங்கள்,
சுருளிவேல்

*

கூடலூர்,
16-7-1936

அன்புள்ள சுருளிவேல் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, எழுதியது யார் என்று மறுபடியும் முதல் வரியைப் பார்த்தேன். உங்கள் பெயர்தான். நாற்பது வயதுக்கு மேல் என்னிடம் எழுத்துக் கற்ற கைதான்.

காலில் முள் தைத்தவன் நாலடி நடந்த பிறகுதான் வலியை உணர்வான். நானும் அப்படித்தான். மூன்றாவது தீர்மானம் வரை சந்தோஷமாகப் போனேன். ஓவர்சியருக்கு நன்றி, நல்ல வழக்கம் என்று தலையாட்டினேன். பிறகுதான் சுருக்கென்றது. திரும்பி வந்து இரண்டாவதைப் படித்தேன். மகளைக் கூப்பிட்டு அவளையும் படிக்கச் சொன்னேன். நான் தவறாகப் படிக்கிறேனோ என்று எனக்குச் சந்தேகம். அவள் படித்துவிட்டு என் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துவிட்டுப் போனாள். என்னால் குடிக்க முடியவில்லை.

சின்னக்கருப்பு தோண்டிய கிணறு. அதில் அவர் வாளி விடக் கூடாது. அதற்கு உயர்ந்த கைகளை அவரையே எண்ணச் சொன்னீர்கள். எண்ணுகிறவர் கை தூக்கக் கூடாது என்ற விதி, எண்ணிக்கையில் யாருக்கும் ஆசை கலக்கக் கூடாது என்று நாம் சேர்ந்து வைத்தது. அதனால் அவர் தனக்காகத் தன் கையைக்கூடத் தூக்க முடியவில்லை. ஒவ்வொரு கைக்கு முன்னாலும் நின்று எண்ணியபோது அவர் முகத்தை யாராவது பார்த்தீர்களா?

இன்னும் ஒன்று கேட்கிறேன். மாடு கொஞ்சம் தாமதமாகத் தண்ணீர் குடித்தால் செத்துவிடாது. காரணம் ஏன் கேட்கவில்லை? அந்த நேரத்தில் உங்கள் கை எங்கே இருந்தது?

சங்கரலிங்கம்

*

வடமடைப்பட்டி,
20-7-1936

வாத்தியார் ஐயா அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை வழக்கம்போல என் வீட்டுக்காரி மலையம்மாளுக்கு உரக்க வாசித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். "மிச்சத்தையும் வாசிங்க. ஐயா என்ன கேட்டாக?" என்றாள். வாசித்தேன். "ஆமா, கை எங்கன இருந்துச்சு?" என்று அவளும் கேட்டாள். அன்றிலிருந்து சோறு வைக்கும்போதெல்லாம், "கை இருக்கா, பிசைஞ்சு திங்க?" என்கிறாள்.

என் கை என் மடியில் இருந்தது. தலைவர் கை தூக்கக் கூடாது, இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் தூக்கலாம் என்பது தாங்கள் சொன்ன விதி. தராசைக் காட்டிச் சொன்னீர்கள். இரண்டு தட்டும் ஒன்றாக நிற்கும்போதுதான் பிடித்திருப்பவன் பேச வேண்டும் என்றீர்கள். நான் விதியை மீறவில்லை.

தாங்கள் சொன்ன இன்னொரு உதாரணமும் நினைவிருக்கிறது. ஐந்து பேர் ஒரு வண்டியில் போகிறார்கள். மூன்று பேர் சின்னமனூர் என்கிறார்கள், இரண்டு பேர் கம்பம் என்கிறார்கள். வண்டி சின்னமனூருக்குத்தான் போக வேண்டும், அதற்குப் பெயர்தான் ஊர் முடிவு என்றீர்கள். நாங்கள் கைதட்டினோம். இப்போது மூன்று பேர் தங்களுக்குப் பிடிக்காத ஊரைச் சொன்னதும் வண்டியே தப்பு என்கிறீர்கள். இது என்ன நியாயம்?

தாங்கள் கூடலூரில் கட்டிலில் இருக்கிறீர்கள். நான் இங்கே இருக்கிறேன். என் மகள் ராஜாத்தியைப் பேச்சிமுத்து அண்ணன் மகனுக்கு ஆவணியில் கட்டிக்கொடுப்பதாக வெற்றிலை மாற்றியாகிவிட்டது. அவர் முன்மொழிந்த தீர்மானத்துக்கு நான் எழுந்து நின்று காரணம் கேட்டால் என்ன ஆகும் என்று தங்களுக்குத் தெரியாதா? அதுவும் போக, கீழத்தெருவாருக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டோம் என்று சொல்லவில்லையே. ஊற்றுகிறோம் என்றுதானே சொல்லியிருக்கிறோம்.

சுருளிவேல்

*

கூடலூர்,
23-7-1936

அன்புள்ள சுருளிவேல் அவர்களுக்கு,

வண்டி உதாரணம் என்னுடையதுதான். மூன்று பேர் சொன்ன ஊருக்கு வண்டி போகும் என்றேன். மூன்று பேர் சேர்ந்து மற்ற இரண்டு பேரையும் வண்டியைவிட்டு இறக்கிவிடலாம் என்று எப்போது சொன்னேன்? இறக்கிவிட்டு, "பின்னால் நடந்து வா, தாகம் எடுத்தால் நாங்கள் ஊற்றுகிறோம்" என்று சொல்லலாம் என்று எப்போது சொன்னேன்? அதுவும் அந்த வண்டிக்கு அச்சு செய்தவர்களை?

எந்த ஊருக்குப் போவது என்பதை எண்ணி முடிவு செய்யலாம். யார் மனிதர் என்பதை எண்ணி முடிவு செய்ய முடியாது. இதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றவே இல்லை. மூன்று வருஷம் ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே சிலேட்டில் அழித்து எழுதியவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று யார் நினைப்பார்கள்? இந்தத் திகைப்பிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை.

மாடு முட்டினால் அதற்குத் தெரியாது என்று விட்டுவிடலாம். நீங்கள் முன்மொழிந்து, வழிமொழிந்து, எண்ணி, எழுதி வைத்து முட்டியிருக்கிறீர்கள். சண்டை போட்டு மண்டையை உடைத்துக்கொண்ட காலத்தில்கூட இவ்வளவு அமைதியாக நீங்கள் யாரையும் அடித்ததில்லை.

ராஜாத்தியின் விஷயம் எனக்குத் தெரியாது. அது சின்ன விஷயம் இல்லை. தகப்பனின் பயத்தை நான் பரிகசிக்க மாட்டேன். ஆனால் என் கேள்வியை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டேன்.

சங்கரலிங்கம்

*

கூடலூர்,
5-8-1936

அன்புள்ள சுருளிவேல் அவர்களுக்கு,

பதில் இல்லை. ஏலக்காய் வண்டியோடு போய்வருகிறவர், வடமடைப்பட்டியில் மூன்று ஞாயிறாக வகுப்பே நடக்கவில்லை என்றார். பாய்களைச் சுருட்டி உங்கள் மாட்டுக்கொட்டத்தில் போட்டிருக்கிறதாமே. கீழத்தெருப் பெண்கள் பழையபடி வாய்க்காலுக்குப் போகிறார்கள் என்றும் சொன்னார். மேலத்தெருவில் இறைத்து ஊற்ற யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

என் கடிதம் கடுமையாக இருந்திருக்கலாம். நல்ல வைத்தியர் எலும்பை நேராக்கினாலும் வலிக்கத்தான் செய்யும். எனக்கும் வலித்தது, அவரைத் திட்டினேன். ஆனால் மறுநாளும் காலை நீட்டினேன். நீங்களும் என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

சங்கரலிங்கம்

*

வடமடைப்பட்டி,
10-8-1936

வாத்தியார் ஐயா அவர்களுக்கு,

நேற்று நடந்ததை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

தங்கள் கடைசிக் கடிதம் வந்த அன்று கீழத்தெருவுக்குப் போனேன். இந்த ஊரில் பிறந்து நாற்பத்தைந்து வயதாகிறது. அந்தத் தெருவுக்குள் அதுதான் முதல் தடவை. சின்னக்கருப்பு வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சங்கிலியம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மன்னிப்புக் கேட்பது போல ஏதோ சொல்ல நினைத்துப் போனவன், அவர் திரிக்கும் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் தலையைத் தூக்காமலே கேட்டார். "வகுப்பு உண்டா, இல்லையா?"

"நீங்க வருவீகளா?" என்றேன்.

"எண்ணுனவரு அடுத்த கூட்டத்துக்குத் தலைவரு. அதுதான முறை? என் முறைய நான் ஏன் விடணும்?"

ஐயா, அந்த முறையை நாங்கள் மேலத்தெருவார் பதினைந்து பேரும் மறந்தே போயிருந்தோம்.

நேற்றுப் பாய்களை விரித்தேன். பேச்சிமுத்து அண்ணன் வந்தார், எல்லோரும் வந்தார்கள். கீழத்தெருவின் நான்கு பேரும் வந்தார்கள். சின்னக்கருப்பு நேராகப் போய்த் தலைவர் இடத்தில் உட்கார்ந்தார். கை எண்ணுவது மேலத்தெரு கருத்தக்கண்ணன் முறை. முதலில் போன கூட்டத்து முடிவுகளைத் தலைவர் வாசிக்க வேண்டும் அல்லவா? அவரே எழுந்து வாசித்தார். வாசிக்கும்போது அவர் எப்போதும் விரலை எழுத்தின் மேல் வைத்து நகர்த்துவார். இரண்டாவது தீர்மானத்திலும் விரல் நகர்ந்தது. "கீழத்தெருவார்" என்ற இடத்தில் ஒரு தடவை நின்றது. பிறகு நகர்ந்தது.

முடித்துவிட்டுச் சொன்னார். "அன்னிக்குத் தலைவரு காரணம் கேக்கல. நான் கேக்குறேன். ரெண்டாவதுக்குக் கை தூக்குனவங்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சு, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

பேச்சிமுத்து அண்ணன் எழுந்தார். "ஏலே சின்னக்கருப்பு..."

"தலைவர் அவர்களேன்னு ஆரம்பிக்கணும்."

அண்ணனுக்கு முகம் சிவந்தது. அந்த இரண்டு வார்த்தைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்ல முடியாது. "தலைவர்... அவர்களே. வழக்கம். அம்புட்டுத்தான்."

"சரி, உக்காருங்க. அடுத்தவரு?"

பொன்னுராஜ் எழுந்தார். "தலைவர் அவர்களே, அண்ணன் தூக்குனாக. வழிமொழியச் சொன்னாக. மொழிஞ்சேன்."

"உங்க காரணம்?"

"எனக்கு எதுக்கு காரணம்? அதான் அண்ணன் வச்சிருக்காகல்ல."

யாரோ சிரித்தார்கள். அவருக்குப் பின்னால் இருந்தவர், "முன்னால இவரு கை மறைச்சுருச்சு. நான் தூக்கலேன்னு நெனச்சுருவாகளோன்னு உசத்தித் தூக்குனேன்" என்றார். இன்னும் சிரிப்பு. ஆனால் போகப் போகச் சிரிப்பு குறைந்துவிட்டது. ஒவ்வொருவராக எழுந்து அவர் முகத்தைப் பார்த்ததும் குரல் சிறுத்துப்போகிறது. பேசாமல் நின்று உட்கார்ந்தவர்களும் உண்டு. கருத்தக்கண்ணன் மட்டும், "நீங்க கீழ உடைச்சீக, நான் மேல கூடை இழுத்தேன். கயிறு அறுந்திருந்தா நீங்க இல்ல. எனக்குச் சொல்லக் காரணம் ஒண்ணும் இல்ல, தலைவர் அவர்களே" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டார்.

பிறகு தலைவர் தீர்மானத்தை நீக்கலாமா என்று கேட்டார். இப்போது நான் தலைவர் இல்லை, எண்ணுகிறவரும் இல்லை. என் கைக்கு எந்த விதியும் தடை இல்லை. எதிரே பேச்சிமுத்து அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தாங்கள் கேட்ட கேள்வியை நினைத்தேன். தூக்கினேன், ஐயா.

கருத்தக்கண்ணன் எண்ணினார். நீக்க வேண்டும் என்று எட்டு. நீக்கக் கூடாது என்று எட்டு. பொன்னுராஜ் கை மட்டும் பாதியில் நின்றது. "எந்தப் பக்கம்?" என்று கேட்டதற்கு, "தலை சொறிஞ்சேன்" என்றார்.

எட்டுக்கு எட்டு. இரண்டு தட்டும் ஒன்றாக நின்றுவிட்டன. எல்லோரும் ஒரே நேரத்தில் தலைவரைப் பார்த்தோம். அவர் விஷயத்தை அவரே முடிவு செய்வாரா, ஒதுங்கிக்கொள்வாரா என்று எனக்குப் பதறியது. அவர் கொஞ்சம்கூட அவசரப்படவில்லை. தன் வலது கையைப் பார்த்தார். அன்று தூக்க முடியாத கை. மெதுவாகத் தலைக்கு மேலே தூக்கினார். தூக்கியபடியே, "எண்ணுங்க" என்றார்.

"ஒன்பது" என்றார் கருத்தக்கண்ணன்.

"கணக்குச் சரி" என்றார் தலைவர்.

பேச்சிமுத்து அண்ணன் பாயைவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் பின்னால் சிலர் போனார்கள். வீட்டுக்கு வருவதற்குள் வெற்றிலைத் தட்டு திரும்பி வந்திருந்தது. மலையம்மாள் தட்டை அடுப்படியில் வைத்துவிட்டு அழுதாள். எனக்குச் சோறு வைத்தாள். கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ராஜாத்தி இன்னும் என்னோடு பேசவில்லை.

தன் விஷயத்துக்குத் தானே கை தூக்குவது விதிப்படி சரிதானா, ஐயா? வெளியே போனவர்கள் செல்லாது என்கிறார்கள்.

நாளை மறுநாள் காலையில் கீழத்தெருப் பெண்கள் முதல் வாளி விடுவதாகப் பேச்சு.

சுருளிவேல்

*

கூடலூர்,
12-8-1936

அன்புள்ள சுருளிவேல் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது எழுந்து நிற்கப் பார்த்தேன். மகள் பிடித்து உட்காரவைத்துத் திட்டினாள். திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டு மறுபடியும் படித்தேன்.

விதி சரி. தராசைப் பிடித்தவரின் வீட்டு நெல்லும் அதே தட்டில் இருந்தால் அவர் கை வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். மற்ற பதினாறு கைகளும் யார் வீட்டு நெல்லுக்காக உயர்ந்தன என்று வெளியே போனவர்களைக் கேளுங்கள்.

ராஜாத்திக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் ஓர் உதாரணம் வைத்திருப்பவன் நான். இதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அவளிடம் என் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள்.

முதல் வாளியை இறைத்தது யார் என்று மறக்காமல் எழுதுங்கள்.

சங்கரலிங்கம்

*

வடமடைப்பட்டி,
12-8-1936

வாத்தியார் ஐயா அவர்களுக்கு,

முந்தின கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன்.

இன்று விடிந்ததும் சங்கிலியம்மாளும் மற்றப் பெண்களும் குடத்தோடு கிணற்றுக்கு வந்தார்கள். வாளியை விட்டார்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால் கிணறு முழுவதும் முள். உடைமுள்ளை வெட்டிக் கட்டுக் கட்டாக உள்ளே தள்ளியிருக்கிறார்கள். சங்கிலியம்மாள் வெறும் வாளியை மேலே இழுத்துக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். கொப்பில் பழைய சிவப்புத் துணி ஒன்று கட்டியிருந்தது. மாடு மிரளட்டும் என்று நானே கட்டியது. ஐயா, அது என் தோட்டத்து வேலி. என் வேலியை வெட்டித்தான் கிணற்றில் போட்டிருக்கிறார்கள். யார் என்று தெரியாது. எட்டுப் பேரில் ஒருவரா, எட்டுப் பேருமா என்றும் தெரியாது. எங்களோடு உட்கார்ந்து எழுத்துக் கற்றவர்கள் என்பது மட்டும் தெரியும்.

சின்னக்கருப்பு கயிற்றோடு வந்தார். கிணற்றுக்குள் இறங்கிப் பழகியவர் அவர் ஒருவர்தான். எல்லோரும் வழி விட்டோம். அவர் கயிற்றின் நுனியை என்னிடம் நீட்டினார்.

"எண்ணுறது என் முறை முடிஞ்சது. தோண்டுறதும் முடிஞ்சது. இது உங்க முறை."

நான் இதுவரை கிணற்றில் இறங்கியதே இல்லை. மேலத்தெருவில் யாரும் இறங்கியதில்லை. அதற்கு எப்போதும் வேறு ஆட்கள் இருந்தார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டினார். கருத்தக்கண்ணனும் அவரும் பிடித்துக்கொண்டார்கள். மலையம்மாள், "ஆத்தா, தாயே!" என்று கத்தினாள். இறங்கினேன்.

கீழே இருட்டும் குளிரும். முள்ளை ஒவ்வொன்றாகக் கயிற்று வாளியில் ஏற்றினேன். கை, முதுகு எல்லாம் கிழிந்தது. ஒரு கொப்பு சரிந்து தோளில் விழுந்தபோது பயத்தில் கத்திவிட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் வானம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். அதில் ஒரு முகம் குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பயப்படாதீக" என்றார் சின்னக்கருப்பு. "கயிறு என் கையிலதான் இருக்கு."

உச்சிப் பொழுதில் முள் தீர்ந்தது. என்னை மேலே இழுத்துப் போட்டார்கள். கிணற்று மேடையில் படுத்தபடி பார்த்தேன். ராஜாத்தி வந்திருந்தாள். என்னோடு பேசவில்லை. என் முதுகில் தைத்திருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். சங்கிலியம்மாள் எழுந்து வாளியை விட்டாள். இந்தத் தடவை சத்தம் கேட்டது.

தண்ணீர் கலங்கலாகத்தான் வந்தது, ஐயா. யாரும் குடிக்கவில்லை. தெளியட்டும் என்று குடத்தில் ஊற்றி மூடி வைத்துவிட்டு, எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

தங்கள்,
சுருளிவேல்